சரிங்க மேம்

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒரு நீள நோட்டு இருக்கும். மென்டார் புக் என்று பெயர். பிள்ளை ஒன்றுக்கு இரண்டு பக்கம். மேலே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பத்தாவது, பன்னிரண்டாவது மார்க், கட்ஆஃப், அப்பாவின் செல் நம்பர், ஹாஸ்டலா பஸ்ஸா, பஸ் என்றால் எந்த ரூட். கீழே கட்டம் போட்ட அட்டவணை: தேதி, பேசிய விஷயம், கொடுத்த அறிவுரை, மாணவர் கையெழுத்து, ஆசிரியர் கையெழுத்து. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் இந்த நோட்டை நிரப்பும் திருவிழாதான். யாருடைய நோட்டைப் புரட்டினாலும் மூன்றாவது கட்டத்தில் ஏறக்குறைய ஒரே வாசகம் இருக்கும்: 'நன்றாகப் படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.' கொஞ்சம் கற்பனை உள்ளவர்கள் 'செல்போனைக் குறைக்குமாறு' என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அறிவுரையைக் கேட்ட பிள்ளை 'சரிங்க மேம்' என்று சொல்லும். கையெழுத்துப் போடும். போய்விடும். மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. அடுத்த இன்டர்னல் தேர்விலும் அதே மார்க்தான் வரும்.

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், எலெக்ட்ரானிக்ஸ் துறையில் 20 வருஷத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன். பாடத்தோடு ஆளுக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகளை மென்டார் என்ற முறையில் நான்கு வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக் குடும்பத்துப் பிள்ளைகள், சங்ககிரி லாரிக்காரர் பிள்ளைகள், தர்மபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குகிறவர்கள். முதல் பட்டதாரி சலுகையில் வருகிறவர்கள் எப்போதும் நிறைய. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, வீட்டில் கல்லூரி என்றால் என்னவென்று சொல்ல ஒருவரும் இல்லாத பிள்ளைகள் இன்னும் கூடுதலாக வருகிறார்கள். இவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது. அப்பா சொல்கிறார், மாமா சொல்கிறார், பஸ் டிரைவர் அண்ணன்கூடச் சொல்கிறார். மென்டாரும் அதையே திருப்பிச் சொல்வதற்கு எதற்குத் தனி நோட்டு என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு.

அறிவுரைக்கு மாற்றாகக் கோச்சிங் என்று ஒரு முறை இருப்பதை ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில்தான் முதலில் கேட்டேன். இது நீட் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் வகையறா இல்லை. பெங்களூரிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்த ஒரு பயிற்சியாளர் போர்டில் ஆங்கிலத்தில் 'க்ரோ' (GROW) என்று எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படி சொன்னார். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, இதில் எதைச் செய்யப் போகிறாய். நான்கையும் கேள்வியாகக் கேட்க வேண்டுமாம், பதில் எதிரே இருப்பவர் வாயிலிருந்து வரவேண்டுமாம். பின்வரிசையில் இருந்த ஒரு மூத்த பேராசிரியர், "அவனுக்குப் பதில் தெரிஞ்சா எதுக்கு நம்மகிட்ட வர்றான்?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. கேள்வி நல்ல கேள்விதான். பயிற்சியாளர் சிரித்து மழுப்பிவிட்டார். எனக்குப் பதில் கிடைத்தது பிற்பாடு, இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது.

அது டென்னிஸ் மைதானத்திலிருந்து வந்தது. திமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் 1974-இல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 'பந்தைப் பார், பந்தைப் பார்' என்று கத்துவதை அவர் நிறுத்திவிட்டார். பந்து தரையில் பட்டு எழும்பும் அந்த நொடியில் ஒரு சொல்லும், மட்டையில் படும் நொடியில் இன்னொரு சொல்லும் வாய்விட்டுச் சொல்லும்படி மாணவரிடம் கேட்டார். பந்தைப் பார்க்காமல் அதைச் சொல்லவே முடியாது. இவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜான் விட்மோர். 1965-இல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயப் பட்டத்தை வென்ற இங்கிலாந்துக்காரர், பிறகு நிறுவனங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர். க்ரோ முறையை உலகத்துக்குக் கொண்டுபோனது 1992-இல் வந்த அவருடைய 'கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்' என்ற புத்தகம். அவரும் டென்னிஸ் பந்தைத்தான் உதாரணம் காட்டுகிறார். 'பந்தைப் பார்க்கிறாயா?' என்று கேட்டால் 'பார்க்கிறேன்' என்று பொய் சொல்லிவிடலாம். 'பந்து எந்தப் பக்கம் சுழன்று வருகிறது?' என்று கேட்டால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இதைப் படித்த அன்று எங்கள் மென்டார் புக்கின் மூன்றாவது கட்டம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. 'நன்றாகப் படி' என்பது எங்கள் ஊர் 'பந்தைப் பார்'. 'படிக்கிறியா?' என்றால் 'படிக்கிறேங்க மேம்' என்று வரும். 'நேத்து ராத்திரி எந்தக் கணக்கு, எந்த வரியில நின்னுச்சு?' என்று கேட்டால் அவன் நேற்று ராத்திரியைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். அந்த மூத்த பேராசிரியருக்கான பதிலும் இதுதான். பிள்ளைக்குத் தன் நிலைமை பற்றிய விவரம் தெரியும், அதை அவன் பார்ப்பதில்லை, அவ்வளவே. 'சரிங்க மேம்' என்று பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பது. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கலையும் இதற்குள் அடங்கிவிட்டது.

ஆனால் புத்தகத்தில் உள்ளபடி இதை எங்கள் ஸ்டாஃப் ரூமில் செய்ய முடியாது. விட்மோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் மேனேஜர், எதிரே சமமாக உட்கார்ந்திருப்பார். எங்கள் பிள்ளை நின்றுகொண்டிருக்கும். கையை முன்னால் கோத்துக்கொண்டு, ஐடி கார்டு கயிற்றைத் திருகிக்கொண்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். அவர் தலையைத் தூக்கி, "என்னம்மா, இவன் இன்னுமா அரியர் கிளியர் பண்ணல?" என்பார். நல்ல எண்ணத்தில்தான் கேட்பார். அதற்கப்புறம் அந்தப் பையனிடம் எந்த உலகத்துக் கேள்வியைக் கேட்டும் பிரயோஜனமில்லை.

அதனால் என் முதல் கருவி ஒரு ஸ்டூல். என் நாற்காலிக்கு எதிரே போடாமல் பக்கவாட்டில் போட்டேன். உட்காரச் சொன்னால் உடனே உட்கார மாட்டார்கள், "பரவால்லீங்க மேம்" என்பார்கள். "கழுத்து வலிக்குது கண்ணு, அண்ணாந்து பார்க்க முடியல" என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பெரியவர்களுடைய வலிக்கு இருக்கிற மதிப்பு அப்படி. கொஞ்சம் கனமான விஷயம் என்றால் ஸ்டாஃப் ரூமே வேண்டாம். காலியாக இருக்கும் லேப், நூலக வராந்தா, இல்லாவிட்டால் கேன்டீன் வரைக்கும் ஒரு நடை. முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்து வரும்போது பிள்ளைகள் சொல்வதில் பாதியை எதிரே நிற்கும்போது சொல்ல மாட்டார்கள்.

அடுத்த தடை, "நீங்களே சொல்லுங்க மேம்." நான்காவது கேள்விக்குள் இது வந்துவிடும். 12 வருஷம் பள்ளிக்கூடத்தில் சொன்னதைச் செய்து மார்க் வாங்கிய பிள்ளை, தன்னிடம் யோசனை கேட்டால் அதில் ஏதோ பொறி இருக்கிறது என்றுதான் நினைக்கும். கோச்சிங் பயிற்சியாளர்களில் கடும் வைதீகர்கள் உண்டு. அறிவுரையே சொல்லக்கூடாது, கேள்வி மட்டும்தான் என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. விடைத்தாளின் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போடலாம், அதற்குக் கடைசித் தேதி இது என்பதை ஒரு பிள்ளை எப்படித் தன் உள்ளேயிருந்து கண்டுபிடிக்கும்? தகவலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே நான் ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொண்டேன். "நான் சொல்றேன், ஆனா கடைசியாச் சொல்றேன். முதல்ல நீ ரெண்டு சொல்லு." அவர்கள் இரண்டு சொன்ன பிறகு பெரும்பாலும் என்னுடையது தேவைப்படாது. தேவைப்பட்டால் மூன்றாவதாக வரும், மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் விளங்கும். ஐந்து அரியரோடு இரண்டாம் வருஷத்தின் நடுவில் இருந்தான். குமாரபாளையம் பக்கம், வீட்டோடு தறி. "என்ன பண்ணலாம்னு இருக்கே?" என்றதற்கு, "ஆல் கிளியர் பண்ணிடுவேங்க மேம்" என்றான். ஆல் கிளியர் என்பது எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான குறிக்கோள். பொதுவாக இருப்பதாலேயே அதனால் ஒரு பயனும் இல்லை. "சரி, அஞ்சுல எது ஒண்ணு போனா உனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எம்-ஒன்னுங்க மேம்" என்றான். முதல் செமஸ்டர் கணக்கு, மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் அது.

"போன தடவை பரீட்சைக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு? வீட்டுக்குப் போனதுல இருந்து சொல்லு." 'ஏன் படிக்கவில்லை' என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர் வாயிலிருந்து 'ஏன்' வந்தாலே பிள்ளை குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும், அப்புறம் வருவதெல்லாம் வாதம்தான். என்ன, எப்போது, எங்கே என்று கேட்டால் விவரம் வரும். வந்தது. அப்பா பகல் முழுக்கத் தறியில் நிற்பார். சாயங்காலம் இவன் பஸ் விட்டு இறங்கியதும் அம்மாவும் இவனும் மாற்றிவிட வேண்டும். தார் போட வேண்டும், பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். சில நாள் விடியற்காலையிலும் அவன் முறை வரும். பரீட்சைக்கு முந்தின நாளும் அப்படித்தான் நடந்தது. 'காலையில நாலு மணிக்கு எழுந்து படி' என்று அவனுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! நாலு மணிக்கு அவன் ஏற்கெனவே எழுந்துதான் இருந்தான், தறிமுன் நின்றுகொண்டு.

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அண்ணா பல்கலைக்கழகக் கணக்கு வினாத்தாளின் அமைப்பு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு மார்க் கேள்வி பத்து. 16 மார்க் கேள்வி ஐந்து, யூனிட்டுக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. "இதுல யோசிக்காமலே உனக்கு எது வரும்?" "எதுவும் வராதுங்க மேம்." நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐகன் வேல்யூ வருங்க மேம். கேலி-ஹாமில்டனும் போட்டுருவேன்." டிக் அடிக்கச் சொன்னேன். அடித்துக்கொண்டே போனான். மேட்ரிசஸ் முழுசும் கையில் இருந்தது. டிஃபரன்ஷியல் கால்குலஸில் முக்கால்வாசி தெரிந்திருந்தது. இன்டெக்ரலில் தொடக்கம் தெரியும், நடுவில் விட்டுப்போகும். ட்ரிபிள் இன்டெக்ரல் என்றால் மட்டும் பயம். ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் கையில் இரண்டரை யூனிட் இருந்தது. நிலைமையைக் கேட்பதென்றால் ஓட்டையைத் தேடுவது என்றே நாம் பழகியிருக்கிறோம். கையிருப்பை எண்ணவும் அதே கேள்விதான் உதவும்.

"எங்கெல்லாம் நேரம் இருக்கு?" என்று கேட்டேன். "இல்லீங்க மேம்" என்றான். காத்திருந்தேன். "பஸ்ல ஒரு மணி நேரம் போகுதுங்க. ஆனா பஸ்ல எழுத முடியாது." மறுபடியும் காத்திருந்தேன். "எங்க ரூட்லயே ஒருத்தன் கணக்கு நல்லாப் போடுவான். எழுத முடியாட்டியும் ஸ்டெப்ஸ் சொல்லிக்கலாம்." இந்த வழி எனக்குத் தோன்றியிருக்காது. நான் கடைசியில் சொல்ல வைத்திருந்த யோசனை நூலகத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பது. அப்படி இருந்தால் பஸ் போய்விடும் என்பது எனக்கு உறைக்கவில்லை, அவனுக்குத் தெரியும்.

நான்காவது படிதான் எங்கள் ஊரில் அதிகம் நழுவும். 'செய்யறேங்க மேம்' என்பதோடு முடிந்துபோகும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரை இதில் எனக்குக் கைகொடுத்தது. செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்வதைவிட, இன்ன நேரம், இன்ன இடம் வந்தால் இதைச் செய்வேன் என்று முடிவு கட்டிக்கொள்கிறவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். "எந்த ஸ்டாப் தாண்டினா ஆரம்பிப்பே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். காவிரிப் பாலம் தாண்டினதும் என்று முடிவாயிற்று. அடுத்த செமஸ்டர் தேர்வில் எம்-ஒன் போயிற்று, கூடவே இன்னொன்றும். மிச்சம் மூன்றையும் கடைசி வருஷம் வரை இழுத்துக்கொண்டுதான் முடித்தான். ஒரே பேச்சில் பையன் ரேங்க் வாங்கிய கதை வேண்டுமென்றால் அது என்னிடம் இல்லை.

'காத்திருந்தேன்' என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். ஆசிரியர்களுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, சும்மா இருக்கும் பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். மூன்றே நொடி. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதிரே இருக்கும்போது மூன்று நொடி என்பது ஒரு பீரியட் நீளம். எனக்கு ஒரு தந்திரம் உண்டு. தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடி திறந்து, நிதானமாகக் குடிப்பேன். வாயில் தண்ணீர் இருக்கும்போது அறிவுரை சொல்ல முடியாது.

மூன்றாம் வருஷ முடிவில் பிளேஸ்மென்ட் காய்ச்சல் தொடங்கும். அப்போது எனக்கு உதவுவது எண் கேள்வி. நல்ல மார்க் உள்ள ஒரு பெண், தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள், மாக் இன்டர்வியூவுக்கே வரமாட்டேன் என்றாள். "இன்டர்வியூல இங்கிலீஷ்ல பதில் சொல்லிடுவேன்னு ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு நம்பிக்கை இருக்கு?" என்று கேட்டேன். "மூணுங்க மேம்." நம் சுபாவத்துக்கு அடுத்து வருவது 'ஏம்மா பத்து இல்ல?' என்பதுதான். அப்படிக் கேட்டால் தன்னால் முடியாததற்கான காரணங்களை அவளே வரிசையாக அடுக்கித் தன்னையே நம்பவைத்துவிடுவாள். நான் கேட்டது, "ஏன் ஒண்ணுன்னு சொல்லல?" நான் அனுமதிக்கும் ஒரே 'ஏன்' இது. அவள் குழம்பிப்போய், பிறகு சொன்னாள்: "செமினார் எடுத்தேன்ல மேம். முதல் அஞ்சு நிமிஷம்தான் திக்குச்சு." அந்த வாக்கியம் அவளுடையது என்பதால் அவளால் அதை மறுக்க முடியவில்லை. இது குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கி, ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறையில் உள்ள கேள்வி. மாறு என்று நாம் வற்புறுத்தினால் எதிரே இருப்பவர் மாறாததற்கு வாதாடுவார், மாறுவதற்கான காரணத்தை அவரே சொல்லட்டும் என்பது அவர்கள் கண்டது. குடிக்கும் அரியருக்கும் சம்பந்தமில்லை என்றாலும் மனித சுபாவம் ஒன்றுதான்.

புத்தகங்களில் இல்லாத ஒரு சிக்கல் அப்பா. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு பிள்ளையைக் கேட்கிறோம். எங்கள் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே புதிது. எலெக்ட்ரானிக்ஸ் கோர்ஸை யார் தேர்ந்தெடுத்தது என்றால் மாமா, கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது பக்கத்து வீட்டு அண்ணன், ஐடி வேலை என்பது அப்பாவின் கனவு. தனிமனிதனின் குறிக்கோள் என்று மேல்நாட்டுப் புத்தகம் தொடங்குகிற இடத்தில் இங்கே ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு எதிராகப் பிள்ளையைத் தூண்டிவிடுவது மென்டார் வேலை இல்லை. "அப்பாவுக்கு என்ன வேணும்? உனக்கு என்ன வேணும்? ரெண்டும் எந்த இடத்துல ஒண்ணா வருது?" என்று கேட்பேன். டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வு எழுத ஆசைப்பட்ட ஒருவனுடைய அப்பா, சங்ககிரி லாரி டிரைவர், பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அவரிடமும் கேட்டேன். "ரோட்டுல திரியாத வேலையா இருந்தாப் போதுங்க" என்றார். ஐடி என்று அவர் சொன்னதற்கு அவ்வளவுதான் அர்த்தம். பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. மூன்றாம் வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அவளிடம் போய் 'உனக்கு என்னென்ன வழி இருக்கும்மா?' என்று கேட்பது கொடுமை. வழி அவள் கையில் இல்லை. அங்கே நான் மென்டார் நாற்காலியை விட்டு எழுந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன், துறைத் தலைவரையும் பேச வைத்தேன், படிப்பு முடியும்வரை கல்யாணம் வேண்டாம் என்று வாக்கு வாங்கினோம். அவ்வளவுதான் வாங்க முடிந்தது. கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வராத பிள்ளையிடம் குறிக்கோள் பேசக்கூடாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறதா, வரவில்லை என்றால் ஆதார் இணைப்பில் சிக்கலா என்று அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பார்ப்பதுதான் அப்போதைய மென்டார் வேலை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, 'இருந்து என்ன பண்ணப் போறேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் நேராகக் கேட்க வேண்டும்: சாகணும்னு தோணுதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடக்கூடாது. மனநல ஆலோசகர், மருத்துவர், வீடு மூன்றையும் அன்றைக்கே சேர்க்க வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416 என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. கோச்சிங் என்பது சாப்பிட்டு, தூங்கி, நாளை என்று ஒன்று இருப்பதாக நம்புகிற பிள்ளைக்கான முறை. மற்றவர்களுக்கு முதலில் கை கொடுக்க வேண்டும்.

சக ஆசிரியர்கள் என்னிடம் சொல்லும் ஆட்சேபம் நேரம். 20 பேரோடும் இப்படி உட்கார்ந்தால் பேப்பர் திருத்துவது எப்போது, ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்போது, அட்மிஷனுக்கு ஊர் ஊராகப் போவது எப்போது? நியாயம்தான். ஆனால் 20 பேருக்கும் ஒரே நேரத்தில் இது தேவைப்படாது. எந்த மாதத்திலும் மூன்று, நான்கு பேருக்குத்தான் நீளமான பேச்சு வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு வராந்தாவில் எதிர்ப்படும்போது ஒரு கேள்வி போதும். காவிரிப் பாலம் என்ன ஆச்சு என்று கேட்டால் அந்தப் பையனுக்குப் புரியும். அறிவுரை சொல்ல இதைவிட அதிக நேரம் செலவழித்திருக்கிறோம், ஒவ்வொரு செமஸ்டரும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால்.

மென்டார் புக்கின் மூன்றாவது கட்டத்தில் இப்போதெல்லாம் நான் என் வாசகத்தை எழுதுவதில்லை. பிள்ளை சொன்னதை, பிள்ளையின் வார்த்தையில், தேதியோடு எழுதுகிறேன்: 'வெள்ளிக்கிழமைக்குள் மேட்ரிசஸ் இரண்டு மார்க் கேள்விகள், பஸ்ஸில், நண்பனோடு.' பக்கத்தில் அவன் கையெழுத்து. உள் தணிக்கைக்கு வந்த ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதுல நீங்க கொடுத்த அறிவுரை எங்க மேம்?" என்று கேட்டார். "கொடுக்கலைங்க" என்றேன். சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார். அது இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

கல்லூரி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டைம்டேபிளில் வாரத்துக்கு ஒரு பீரியட் மென்டார் ஹவர் என்று போட்டிருக்கிறீர்கள். தவறிப்போன லேபை ஈடுகட்டவும், ஆப்டிட்யூட் வகுப்பு நடத்தவும், விழா ஒத்திகைக்கும் முதலில் எடுத்துக்கொள்ளப்படுவது அந்த பீரியடாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவையுங்கள். துறைக்கு ஒரு சின்ன அறை கொடுங்கள், கண்ணாடிக் கதவு போட்டது, ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி. பயிற்சி முகாமுக்குப் பெங்களூரிலிருந்து ஆள் கூப்பிட ஆகிற செலவைவிட இதற்குக் குறைவாகத்தான் ஆகும்.